தருவதும் நிறுத்தி வைப்பதும்: மழலையர் கல்வியின் நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

மூன்று வயதை எட்டும் குழந்தைக்குப் பள்ளி தேடும் பெற்றோர், மனப்பாடமும் வீட்டுப்பாடமும் இந்த வயதில் வேண்டாம் என்ற முடிவோடு தேடத் தொடங்கினால், மாண்டிசோரி, வால்டார்ஃப், ரெஜியோ எமிலியா என்ற மூன்று பெயர்கள் உடனே கண்ணில் படும். சற்றுக் கூடுதலாகத் தேடுபவர்களுக்கு ஹைஸ்கோப் என்ற நான்காவது பெயரும் கிடைக்கும். நான்கும் முற்போக்குக் கல்வி என்ற ஒரே தலைப்பின்கீழ் வைத்துப் பேசப்படுகின்றன. 'குழந்தையை மையமாகக் கொண்டது', 'விளையாட்டின் வழியே கற்றல்', 'முழுமையான வளர்ச்சி' போன்ற சொற்கள் நான்கின் அறிமுகக் குறிப்புகளிலும் மாறாமல் வருகின்றன. ஆகவே இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இருக்காது, போய்வர வசதியானதில் சேர்த்துவிடலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வகுப்பறைக்குள் அரை நாள் உட்கார்ந்து பார்த்தால், ஒரு முறையில் பாராட்டப்படும் செயல் இன்னொன்றில் மெல்லத் திருத்தப்படுவதும், ஒன்றில் ஆசிரியரின் கடமையாகக் கருதப்படுவது இன்னொன்றில் ஆசிரியர் செய்யவே கூடாததாக இருப்பதும் தெரியவரும்.

எந்த முறை குழந்தைக்கு என்ன தருகிறது என்று கேட்டால் நான்கிலிருந்தும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும்: சுதந்திரம், அன்பு, கையால் செய்து பார்க்கும் வாய்ப்பு. எதைத் தராமல் நிறுத்தி வைக்கிறது என்று கேட்டால்தான் ஒவ்வொன்றின் முகமும் தனித்தனியாகத் தெரிகிறது. இந்த ஒப்பீடு அந்த இரண்டாவது கேள்வியின் வழியே செல்கிறது. முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு அதுவே கூடுதலாக உதவும் என்பது என் கருத்து.

நான்கரை வயதுக் குழந்தை ஒன்று, அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எழுத்தைச் சுட்டிக்காட்டி, 'இது என்ன?' என்று கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாண்டிசோரி வகுப்பில் ஆசிரியர் உப்புத்தாளில் வெட்டி ஒட்டப்பட்ட அதே எழுத்தை எடுத்து வந்து, இரண்டு விரல்களால் அதன் மேல் எழுதும் திசையிலேயே தடவிக் காட்டி, எழுத்தின் ஒலியைச் சொல்வார். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். வால்டார்ஃப் மழலையர் வகுப்பில் ஆசிரியர் முகம் சுளிக்கமாட்டார், சுருக்கமாகப் பதில் சொல்லிவிடவும் கூடும். ஆனால் அதைப் பாடமாக வளர்க்காமல், குழந்தையைச் செய்துகொண்டிருந்த வேலைக்கோ விளையாட்டுக்கோ திருப்பிவிடுவார். ரெஜியோ வழியில் நடக்கும் வகுப்பில், 'நீ என்ன நினைக்கிறாய்? இதை யார், எதற்காக இங்கே எழுதியிருப்பார்கள்?' என்று கேள்வி திரும்பி வரும். பிள்ளைகள் சொல்லும் விளக்கங்கள் எழுதிவைக்கப்பட்டு, இரண்டு வாரங்களுக்குப் பின் அது ஒரு பெரிய ஆய்வாக மாறியிருக்கவும் கூடும். ஹைஸ்கோப் வகுப்பில் எழுத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, அதை வைத்து என்ன செய்ய விரும்புகிறாய் என்று கேட்டு, அன்றைய திட்டத்தில் அதைச் சேர்த்துக்கொள்வார்கள். குழந்தை ஒன்று, கேள்வி ஒன்று, ஆசிரியர்கள் எல்லோரும் அன்பானவர்கள். ஆயினும் நான்கு பதில்களும் நான்கு வெவ்வேறு நம்பிக்கைகளிலிருந்து வருகின்றன.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக நிற்பவர் ஃப்ரோபெல். ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் 1837-ல் தொடங்கிய தம் விளையாட்டு நிலையத்துக்கு 1840-ல் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் சூட்டியவர் அவர். பந்து, உருளை, கனசதுரம் என்று வரிசைப்படுத்திய விளையாட்டுப் பொருள்களைக் குழந்தையின் கையில் கொடுத்தவரும் அவரே. அந்தக் கிண்டர்கார்ட்டன்களை 1851-ல் பிரஷ்ய அரசு தடைசெய்தது என்பதை நினைத்துப் பார்த்தால், குழந்தைகள் விளையாடுவதில் அரசுகளுக்குக்கூட அச்சம் இருந்திருக்கிறது என்பது புரியும். செய்து கற்றலைத் தத்துவமாக்கிய ஜான் டூயி, 1896-ல் சிகாகோவில் தம் ஆய்வகப் பள்ளியைத் தொடங்கினார். இருவரின் பெயரும் இன்று பள்ளிப் பலகைகளில் அதிகம் இல்லை. கருத்துகள் மட்டும் எல்லாப் பள்ளிகளிலும் கரைந்திருக்கின்றன.

மரியா மாண்டிசோரி மருத்துவர். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு பணியாற்றியபோது, இட்டார், செகுவான் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்களின் வழிமுறைகளைக் கையாண்டு, அவை தந்த பலனைக் கண்டு, மற்றக் குழந்தைகளுக்கு மட்டும் ஏன் இப்படிக் கற்பிப்பதில்லை என்று கேட்டவர். ரோம் நகரின் சான் லோரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பில் 1907 ஜனவரி 6 அன்று அவர் திறந்த 'குழந்தைகளின் இல்லம்'தான் இந்த முறையின் தொடக்கம். அவருடைய கருவிகளில் ஒன்றைப் பார்த்தாலே முழு முறையும் புரிந்துவிடும். இளஞ்சிவப்புக் கோபுரம் என்பது பத்துக் கனசதுரங்கள்; மிகச் சிறியதன் பக்கம் 1 சென்டிமீட்டர், மிகப் பெரியதன் பக்கம் 10 சென்டிமீட்டர். நிறம் ஒன்று, வடிவம் ஒன்று, பொருள் ஒன்று. அளவு மட்டுமே மாறுகிறது. குழந்தையின் கவனம் அந்த ஒரே பண்பின் மேல் குவிய வேண்டும் என்பதற்காக மற்ற எல்லாம் நீக்கப்பட்டிருக்கின்றன. தவறாக அடுக்கினால் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆசிரியர் 'தப்பு' என்று சொல்லத் தேவையில்லை. பொருளே தவறைக் காட்டிக்கொடுக்கும் இந்த ஏற்பாடுதான் மாண்டிசோரியின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று நான் கருதுகிறேன். ஏனென்றால் அது குழந்தையைப் பெரியவரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்யும் பழக்கத்திலிருந்து விடுவிக்கிறது.

அதே கோபுரத்தை ஒரு குழந்தை படுக்கவைத்து வரிசையாக அடுக்கி, ரயில் என்று சொல்லி ஓட்டத் தொடங்கினால் என்ன ஆகும்? இங்கேதான் மாண்டிசோரி நிறுத்தி வைப்பது வெளிப்படுகிறது. மரபு வழுவாத மாண்டிசோரி ஆசிரியர் மெல்ல அருகில் வந்து, அந்தக் கருவி எதற்கு என்பதை மீண்டும் காட்டுவார், அல்லது வேறொரு வேலையை முன்வைப்பார். கருவிகள் விளையாட்டுச் சாமான்கள் அல்ல. குழந்தை செய்வதை அங்கே 'வேலை' என்றுதான் சொல்வார்கள். ஆறு வயதுக்குள் குழந்தைக்கு வேண்டியது உண்மை உலகமே, பேசும் முயல்களும் பறக்கும் கம்பளங்களும் பிறகு வரலாம் என்பது மாண்டிசோரியின் நிலைப்பாடு. எந்த வேலையை, எவ்வளவு நேரம், எந்த இடத்தில் உட்கார்ந்து செய்வது என்பதில் குழந்தைக்கு முழு உரிமை உண்டு. எப்படிச் செய்வது என்பதில் அந்த அளவு உரிமை இல்லை. சுதந்திரம் என்ற சொல்லை மட்டும் கேட்டுவிட்டு வரும் பெற்றோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். டூயியின் வழிவந்த கில்பாட்ரிக் 1914-லேயே, இந்தக் கருவிகள் கற்பனைக்கு இடம் தராதவை என்று கடுமையாக விமர்சித்தார்.

அந்த விமர்சனத்தின் பின்கதை சுவையானது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், மாண்டிசோரிப் பள்ளியில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்த குழந்தைகளையும் கிடைக்காமல் வேறு பள்ளிகளுக்குச் சென்ற குழந்தைகளையும் ஒப்பிட்டு, ஏஞ்சலின் லில்லார்டும் நிக்கோல் எல்ஸ்-குவெஸ்ட்டும் 2006-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குலுக்கல் என்பதால், அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள் மட்டும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்ற வழக்கமான சந்தேகத்துக்கு இங்கே இடம் குறைவு. ஐந்து வயதில் மாண்டிசோரிக் குழந்தைகள் எழுத்தறிவிலும் எளிய கணக்கிலும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறனிலும் முன்னால் இருந்தார்கள். பன்னிரண்டு வயதில் படிப்புத் தேர்வுகளின் இடைவெளி மறைந்துவிட்டிருந்தது. ஆனால் அவர்கள் எழுதிய கதைகள் கூடுதல் கற்பனை வளமும் சிக்கலான வாக்கிய அமைப்பும் கொண்டவையாக மதிப்பிடப்பட்டன. கற்பனை வறண்டுவிடும் என்று அஞ்சியவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். லில்லார்டு 2012-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு முடிவெடுப்பவர்களுக்கு இதைவிட முக்கியமானது: மாண்டிசோரிக் கருவிகளை மட்டும் வைத்து நடத்தும் வகுப்புகளில் ஓராண்டில் தெரிந்த முன்னேற்றம், அவற்றோடு வழக்கமான விளையாட்டுச் சாமான்களையும் பயிற்சித் தாள்களையும் கலந்து நடத்தும் வகுப்புகளில் அந்த அளவுக்குத் தெரியவில்லை.

இது முக்கியமாவதற்குக் காரணம், மாண்டிசோரி என்ற பெயருக்குக் காப்பு இல்லை. அமெரிக்காவில் 1967-லேயே, அது எவரும் தனியுரிமை கொண்டாட முடியாத பொதுப்பெயர் என்று முடிவாகிவிட்டது; மற்றப் பல நாடுகளிலும் யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். ஆகவே மாண்டிசோரி வேண்டுமா என்ற கேள்விக்கு முன்பாக, இது மாண்டிசோரிதானா என்ற கேள்வி இருக்கிறது. கண்ணால் பார்த்து அறியக்கூடிய மூன்று அடையாளங்களைச் சொல்வேன்: மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளோர் ஒரே அறையில் இருக்கிறார்களா, காலையில் மணியடித்துக் கலைக்காத ஏறத்தாழ மூன்று மணி நேரத் தொடர் வேலைநேரம் இருக்கிறதா, ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்று மட்டும் வைக்கப்பட்டுக் குழந்தைகள் தம் முறைக்காகக் காத்திருக்கிறார்களா. முப்பது குழந்தைகளும் ஒரே நேரத்தில் ஒரே மணிமாலையை எண்ணிக்கொண்டிருந்தால், அலமாரியில் எத்தனை விலையுயர்ந்த மரச்சாமான் இருந்தாலும் அது வேறொன்று.

வால்டார்ஃப் முறை நிறுத்தி வைப்பது எழுத்தையும் விளக்கத்தையும். ஷ்டுட்கார்ட்டிலிருந்த வால்டார்ஃப்-அஸ்டோரியா சிகரெட் ஆலையின் தொழிலாளர் பிள்ளைகளுக்காக, ஆலையின் தலைவர் எமில் மோல்ட்டின் அழைப்பின்பேரில் ருடால்ஃப் ஸ்டைனர் 1919 செப்டம்பரில் முதல் பள்ளியைத் தொடங்கினார். மழலையர் பிரிவு அவர் மறைவுக்குப் பின், 1926-ல் எலிசபெத் குருனேலியஸின் பொறுப்பில் உருவானது. ஏழு வயது வரை குழந்தை கற்பது விளக்கத்தின் வழியாக அல்ல, பார்த்துச் செய்வதன் வழியாக என்பது இதன் அடிப்படை. அதனால் ஆசிரியர் பாடம் நடத்துவதில்லை. குழந்தைகள் நடுவே உட்கார்ந்து தைக்கிறார், கூட்டுகிறார், மாவு பிசைகிறார், மரத்தை இழைக்கிறார். பிள்ளைகள் பார்க்கிறார்கள், சேர்ந்துகொள்கிறார்கள், அல்லது தம் விளையாட்டில் இருக்கிறார்கள். ஓவியத்துக்கு ஒரு நாள், மாவு பிசைய ஒரு நாள் என்று வாரத்துக்கு ஒரு தாளம் உண்டு. ஒரே கதை ஒரு வாரமோ அதற்கு மேலோ, சொல் மாறாமல், புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லப்படுகிறது. பொம்மைகளுக்கு முகம் வரையப்படுவதில்லை, அல்லது இரண்டு புள்ளிகளோடு நிறுத்தப்படுகிறது. சிரிப்பையும் அழுகையையும் குழந்தையே அதில் பார்த்துக்கொள்ளட்டும் என்பது நோக்கம். மாண்டிசோரி வகுப்பில் ரயிலாக்கக் கூடாத கட்டை, இங்கே ரயிலாவதற்கென்றே வடிவம் முடிக்கப்படாமல் கிடக்கிறது. திரைகளுக்கு இடமே இல்லை. வீட்டிலும் தவிர்க்கும்படி பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.

எழுத்தைத் தள்ளிப்போடுவதால் குழந்தை பின்தங்கிவிடுமா என்ற அச்சத்துக்கு ஓரளவு நல்ல பதில் இருக்கிறது. செபாஸ்டியன் சகேட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் நியூசிலாந்தில், ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கிய குழந்தைகளையும் ஏழு வயதில் தொடங்கிய ஸ்டைனர் பள்ளிக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பதினொரு வயதுக்குள் பின்னவர்கள் முன்னவர்களை எட்டிவிட்டார்கள் என்று கண்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் அதுவரை அதே வகைப் பள்ளியில், தம்மை ஒத்தவர்கள் நடுவே இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆறு வயதில் வால்டார்ஃபை விட்டு, முதல் வகுப்பிலேயே வாசிப்பை எதிர்பார்க்கும் வழக்கமான பள்ளிக்கு மாறும் குழந்தை, தான் மட்டும் எதுவும் அறியாதவன் என்ற எண்ணத்தோடு உட்கார நேரும். நான்கு வழிகளிலும் பாதியில் விட்டால் அதிக இழப்பைத் தருவது இதுதான். எட்டு அல்லது ஒன்பது வயது வரையாவது தொடர முடியும் என்ற உறுதி இல்லாத குடும்பத்துக்கு வால்டார்ஃபை நான் பரிந்துரைக்கமாட்டேன், அந்த வகுப்பறை எவ்வளவு அழகாக இருந்தாலும். அழகாகத்தான் இருக்கும், நான்கில் மிக அழகானது அதுவே என்பதில் ஐயமில்லை.

இன்னொரு செய்தியையும் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். எழுத்தைத் தள்ளிப்போடுவதற்கு ஸ்டைனர் சொன்ன காரணம் இன்றைய மூளை வளர்ச்சி ஆய்வுகளிலிருந்து வந்ததன்று. பால்பற்கள் விழும் வரை உடலைக் கட்டிக்கொண்டிருக்கும் உயிர்ச்சக்திகளை அறிவு வேலைக்குத் திருப்பக் கூடாது என்பது, அவர் உருவாக்கிய ஆந்த்ரோபோசஃபி என்ற ஆன்மிகக் கோட்பாட்டின் பகுதி. குழந்தைகளுக்கு அந்தக் கோட்பாடு கற்பிக்கப்படுவதில்லை. ஆசிரியர் பயிற்சியில் அது உண்டு. இனங்கள் குறித்த ஸ்டைனரின் சில கூற்றுகள் ஏற்கத்தக்கவை அல்ல. ஜெர்மானிய வால்டார்ஃப் பள்ளிகளின் கூட்டமைப்பு 2007-ல் ஷ்டுட்கார்ட்டில் பாகுபாட்டுக்கு எதிரான அறிக்கை ஒன்றை வெளியிட வேண்டியிருந்தது. ஒரு பள்ளி இந்தக் கேள்விகளை எப்படி எதிர்கொள்கிறது என்பதைக் கேட்டுப் பாருங்கள். தயக்கமின்றிப் பேசுபவர்களிடம் குழந்தையை விடலாம்; மழுப்புபவர்களிடம் வேண்டாம்.

ரெஜியோ எமிலியா ஒருவரின் பெயரன்று, வட இத்தாலிய நகரம் ஒன்றின் பெயர். 1945-ன் வசந்தத்தில், போர் முடிந்த சில நாள்களிலேயே, அந்நகரை அடுத்த வில்லா செல்லா என்ற ஊரின் மக்கள், பின்வாங்கிய ஜெர்மானியப் படை விட்டுச்சென்ற ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தப் பணத்தில் தம் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். செய்தி கேட்டுச் சைக்கிளில் வந்து பார்த்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலாகுட்சி, தம் வாழ்நாள் முழுவதையும் அந்த வேலைக்கே கொடுத்தார். நகராட்சியின் முதல் மழலையர் பள்ளி 1963-ல் திறக்கப்பட்டது. 1991-ல் 'நியூஸ்வீக்' இதழ் அங்குள்ள டயானா பள்ளியைப் பாராட்டி எழுதிய பிறகு உலகமே அங்கே படையெடுத்தது. இந்தத் தொடக்கத்தை இங்கே சொல்வது கதைச் சுவைக்காக மட்டும் அல்ல. ரெஜியோ என்பது ஒரு நகரமே தன் வரிப்பணத்தையும் பெற்றோரின் மாலை நேரங்களையும் செலவிட்டு வளர்த்த ஏற்பாடு என்பதையும், அதைப் பெயர்த்து இன்னோர் இடத்தில் நட்டுவிட முடியாது என்பதையும் அது சொல்கிறது.

இந்த முறை நிறுத்தி வைப்பது விடையை. டயானா பள்ளியில் ஆவணப்படுத்தப்பட்ட நிகழ்வு ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வகுப்புக்கு இன்னொரு மேசை தேவைப்பட்டது. தச்சர் அளவு கேட்டார். அளவு எடுக்கும் பொறுப்பு பிள்ளைகளிடம் வந்தது. அவர்கள் விரலால் அளந்தார்கள், உடலின் பிற உறுப்புகளால் அளந்தார்கள், பிறகு ஒரு காலணியை எடுத்து அதனால் அளந்தார்கள். அலமாரியிலிருந்து அளவுகோலை எடுத்துக் கொடுத்திருந்தால் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆசிரியர்கள் கொடுக்கவில்லை, எல்லோருக்கும் பொதுவான அளவு ஒன்று ஏன் வேண்டும் என்ற தேவையை, பிள்ளைகளே தடுமாறித் தடுமாறிக் கண்டடையும் வரை பொறுத்திருந்தார்கள், அந்தத் தடுமாற்றத்தை ஒவ்வொரு படியிலும் குறித்துவைத்தார்கள். இவ்வாறு குறித்துவைப்பதுதான் ரெஜியோவின் உயிர்நாடி. பிள்ளைகள் பேசியது, வரைந்தது, களிமண்ணில் செய்தது அனைத்தும் பதிவாகி, ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து அதைப் படித்து, அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்கிறார்கள். எழுதிவைத்த பாடத்திட்டம் இல்லை. வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். பள்ளிக்கு ஒரு கலைக்கூடமும் அதைப் பார்த்துக்கொள்ளக் கலைப் பயிற்சி பெற்ற ஒருவரும் உண்டு.

இதற்கு வேண்டிய ஆள்பலமும் நேரமும் மிக அதிகம். அதனால்தான் ரெஜியோவுக்கு வெளியே இருப்பவை எல்லாம் 'ரெஜியோவால் தூண்டப்பட்டவை' என்று மட்டுமே தம்மைச் சொல்லிக்கொள்ள முடிகிறது. சான்றிதழ் வழங்கும் ஏற்பாடே இல்லை. சுவரில் அழகிய புகைப்படங்களை ஒட்டிவைப்பதும் ஆவணப்படுத்துவதும் ஒன்றல்ல. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஏதேனும் ஒரு படத்தைக் காட்டி, 'இதற்குப் பிறகு நீங்கள் என்ன மாற்றினீர்கள்?' என்று கேளுங்கள். பதில் இருந்தால் அது ஆவணம், இல்லாவிட்டால் அலங்காரம். பொருளாதார அறிஞர் ஹெக்மன் உள்ளிட்டோர், ரெஜியோ நகரத்தில் படித்தவர்களைப் பார்மா, படுவா நகரங்களில் படித்தவர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, எந்த மழலையர் பள்ளிக்கும் போகாதவர்களைவிட ரெஜியோவில் படித்தவர்கள் சில வகைகளில் மேம்பட்டிருந்தார்கள். வேறு மழலையர் பள்ளிகளில் படித்தவர்களோடு ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு தென்படவில்லை. ரெஜியோவின் புகழைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். சுற்றியுள்ள பள்ளிகளும் நல்ல தரத்தில் இருந்தன, ரெஜியோவின் கருத்துகள் அவற்றிலும் பரவியிருந்தன என்று விளக்கம் சொல்லலாம். அந்த விளக்கம் எனக்குப் பாதி அளவே திருப்தி தருகிறது.

புகழ் குறைந்த ஹைஸ்கோப்புக்குத்தான் மிக நீண்ட காலச் சான்று இருக்கிறது. ஹைஸ்கோப் முறையை உருவாக்கிய டேவிட் வெய்கார்ட் 1962-ல் அமெரிக்காவின் இப்சிலான்டியில் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வில், வறிய கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள்: 58 பேருக்கு மழலையர் கல்வி, 65 பேருக்கு இல்லை. தொடக்கத்தில் நுண்ணறிவுத் தேர்வில் கிடைத்த கூடுதல் மதிப்பெண் சில ஆண்டுகளில் கரைந்துபோயிற்று. ஆனால் நாற்பது வயதில் பார்த்தபோது, ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் முதல் குழுவில் 36 சதவீதம், இரண்டாவதில் 55 சதவீதம். பள்ளிப் படிப்பை முடித்ததிலும் வருமானத்திலும் முதல் குழு முன்னால் இருந்தது. இது மழலையர் கல்வியை, கல்வியே இல்லாத நிலையோடு ஒப்பிட்டது. அதோடு வாரந்தோறும் ஆசிரியர் வீட்டுக்குச் சென்று தாயோடு பேசினார். முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட ஆய்வு வேறு. அது 1967-ல் 68 குழந்தைகளோடு தொடங்கியது. ஹைஸ்கோப், ஆசிரியர் சொல்லிக் குழந்தைகள் திருப்பிச் சொல்லும் நேரடிக் கற்பித்தல், விளையாட்டை மையமாகக் கொண்ட வழக்கமான மழலையர் பள்ளி என்று மூன்று குழுக்கள். இருபத்து மூன்று வயதில் நேரடிக் கற்பித்தல் குழுவினர் கடுங்குற்றங்களுக்காகக் கைதாவது கூடுதலாக இருந்தது. ஹைஸ்கோப்பும் விளையாட்டுப் பள்ளியும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தன. எண்ணிக்கை மிகச் சிறியது, ஆய்வை நடத்தியதும் ஹைஸ்கோப்பின் சொந்த நிறுவனமே. ஆகவே இதை ஒரு சுட்டுவிரலாக மட்டும் கொள்ள வேண்டும், தீர்ப்பாக அல்ல.

இந்த முறையின் நடைமுறை எளியது: திட்டமிடு, செய், திரும்பிப் பார். காலையில் ஒவ்வொரு குழந்தையும் தான் எதைச் செய்யப்போகிறது என்று சொல்ல வேண்டும். செய்து முடித்த பின், என்ன நடந்தது என்று மற்றவர்களிடம் சொல்ல வேண்டும். கட்டையை ரயிலாக்கலாம், தடையில்லை; ஆனால் ரயிலாக்கப்போகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டு ஆக்க வேண்டும். ஹைஸ்கோப் நிறுத்தி வைப்பது, சொல்லாமல் ஒன்றில் மூழ்கிப்போகும் மௌனத்தை என்று சொல்லலாம். பேச்சு தாமதமாக வரும் குழந்தைக்கு இது நல்ல பயிற்சியாகவும் அமையலாம், சுமையாகவும் அமையலாம். திட்டத்தைச் சுட்டிக்காட்டியோ பொருளை எடுத்துவந்தோ சொல்ல ஆசிரியர் இடம் கொடுக்கிறாரா என்பதைப் பொறுத்தது. அரிய திறமை படைத்த ஆசிரியரோ விலையுயர்ந்த கருவியோ இதற்குத் தேவையில்லை என்பது இதன் பெரிய பலம். எளிய பள்ளி ஒன்றைத் தொடங்க நினைப்பவர் என்னிடம் கேட்டால், இதிலிருந்து தொடங்குங்கள் என்றே சொல்வேன்.

இனி முடிவெடுக்கும் இடத்துக்கு வருவோம். குழந்தையின் இயல்பைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். மூன்று வயதில் இயல்பு என்று நாம் நினைப்பதில் பாதி அடுத்த ஆண்டு மாறிவிடுவதால், அந்த அறிவுரையை நான் பெரிதாக நம்புவதில்லை. குடும்பத்தின் இயல்பு அவ்வளவு எளிதில் மாறாது. குழந்தை தானே சட்டை மாட்டிக்கொள்ளும் வரை பத்து நிமிடம் காத்திருக்க முடியாத வீட்டில், மாண்டிசோரி வகுப்பில் கற்ற தற்சார்பு மாலையில் கரைந்துவிடும். நாள் முழுவதும் தொலைக்காட்சி ஓடும் வீட்டுக்கும் வால்டார்ஃபுக்கும் இடையே குழந்தை தினமும் இரண்டு நாடுகளுக்கிடையே பயணம் செய்கிறது. 'இன்று என்ன படித்தாய்?' என்று ஒவ்வொரு மாலையும் கேட்டு, கையில் காட்டக்கூடிய பதிலை எதிர்பார்க்கும் பாட்டி தாத்தா உள்ள குடும்பம் ரெஜியோ வகுப்பால் பொறுமை இழக்கும்; மாண்டிசோரியும் ஹைஸ்கோப்பும் அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் தரும்.

ஆறு வயதுக்குப் பின் எங்கே என்பது அடுத்தது. வழக்கமான பள்ளிக்குத்தான் போகப்போகிறது என்றால், மாண்டிசோரி அதற்குத் தடையாக இருக்காது, மூன்று ஆண்டுகளையும் முடித்துவிட்டுச் சென்றால். மூத்த குழந்தையாக இருந்து இளையவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும் மூன்றாம் ஆண்டில்தான் முதல் இரண்டு ஆண்டுகளின் பலன் கைக்கு வருகிறது. அந்த ஆண்டில்தான் பல பெற்றோர் பெரிய பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது என்று அழைத்துச் சென்றுவிடுகிறார்கள். அப்படி அழைத்துச் செல்லும் எண்ணம் முன்கூட்டியே இருந்தால் மாண்டிசோரியைவிட ஹைஸ்கோப் வகைப் பள்ளியோ, நல்ல விளையாட்டுப் பள்ளியோ பொருத்தமானது. சான்று, தொடர்ச்சி, போலிகளைக் கண்டறியும் எளிமை ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால், வேறெந்தத் தகவலும் இல்லாத நிலையில் என் முதல் தேர்வு மரபு வழுவாத மாண்டிசோரி, இரண்டாவது ஹைஸ்கோப். ரெஜியோ வகைப் பள்ளியை, அதன் ஆசிரியர்களை நேரில் பார்த்த பிறகே, வால்டார்ஃபை, நீண்ட காலம் இருக்க முடிந்தால் மட்டுமே.

இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடக்கூடிய செய்தி ஒன்று உண்டு, அது அறிமுகக் குறிப்பில் இருக்காது: கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை ஆசிரியர்கள் பள்ளியை விட்டுப் போனார்கள் என்பது. நான்கு முறைகளிலும் ஆசிரியர் குழந்தையை நீண்ட காலம் கவனித்து அறிந்திருக்க வேண்டும். எழுத்தைக் கேட்கும் குழந்தைக்கு இன்று உப்புத்தாளைத் தருவதா, கேள்வியைத் திருப்பித் தருவதா என்பதை, நேற்றும் அதற்கு முந்தைய மாதமும் அந்தக் குழந்தையைப் பார்த்தவர்தான் முடிவு செய்ய முடியும். பார்க்கப் போகும்போது தலைமையாசிரியரின் அறையில் நேரத்தைச் செலவிடாமல், வகுப்பின் மூலையில் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். ஏதேனும் ஒரு குழந்தை எதையாவது கொட்டும், உடைக்கும், அல்லது சண்டை போடும். அப்போது அறையிலுள்ள மற்றக் குழந்தைகள் ஆசிரியரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்களா, அல்லது தம் வேலையைத் தொடர்கிறார்களா என்று கவனியுங்கள். அனுமதி தர மறுத்தால், பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் அடுத்த பள்ளிக்குப் போய்விடலாம்.